“மெசினில ஏத்தினா ஆள் முடிஞ்சுது” – உண்மையா?

மாசி (பெப்ரவரி) 11, 2023 – கேள்வி

அப்பாவுக்கு 61 வயது. முள்ளியவளை. வயல்தான் தொழில். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். கிட்னி பழுதாகிக்கொண்டு வருகிறது. போன கிளினிக்கில் இரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு 340, கிட்னி வேலை செய்யும் அளவைக் காட்டும் ஈ.ஜி.எப்.ஆர் 17 என்று சொல்லி, கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் மெசினுக்கு இரத்தம் எடுக்கும் வழி) போட நாள் எடுக்கச் சொன்னார்கள். அப்பா மாட்டேன் என்கிறார். மாமா ஒருவர் வீட்டுக்கு வந்து “மெசினில ஏத்தத் துவங்கினா ஆள் முடிஞ்சுது, போனவை ஒருத்தரும் தப்பி வரேல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் நாட்டு மருந்து எடுத்துத் தருகிறேன் என்கிறார். சாப்பாடு இறங்குகிறது, வயலுக்குப் போகிறேன், பிறகு எதற்குக் கையை வெட்ட வேண்டும் என்று அப்பா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. அனுபவம் உள்ள யாராவது சொல்லுங்கள்.

மாசி 11, இரவு – பதில்

நான் மெசினில் ஏறி ஒரு வருடமும் எட்டு மாதமும். இன்று காலை ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். முடிஞ்ச ஆள் பம்பு திருத்துவதில்லை என்று மாமாவுக்குச் சொல்லுங்கள்.

மாமா சொல்வது எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்களில் மூச்சு முட்டி, முகம் ஊதி, வாந்தியோடு தூக்கிக்கொண்டு போகும்போதுதான் மெசினில் ஏற்றுகிறார்கள். அந்த நிலையில் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. பழி மெசின்மேல் விழுந்துவிட்டது.

நானும் அப்படித்தான் போனேன். 2019இல் எனக்குக் கிரியாட்டினின் 210. “கிட்னி கிளினிக்குக்குப் போ” என்று துண்டு எழுதித் தந்தார்கள். அந்தத் துண்டு என் மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் இரண்டு வருடம் கிடந்தது. அப்போது எனக்குக் கிட்னி 33 வீதம் அளவில் வேலை செய்துகொண்டிருந்தது. மருந்தோடு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். 2021 ஆனியில் ஒரு இரவு படுக்க முடியாமல் சாக்குக் கட்டிலில் குந்தியிருந்து மூச்சு வாங்கினேன். ஓட்டோவில் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் 7.1, இருதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு. கழுத்தில் குழாய் இறக்கி அந்த இரவே ஏற்றினார்கள். எதைத் தெரிவு செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை.

உங்கள் அப்பாவிடம் இப்போது கேட்கிறார்களே, அதுதான் வித்தியாசம்.

பிஸ்டுலா போட்டால் நாளைக்கே ஏற்றப்போகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. கையில் நாடியையும் (தமனி) நாளத்தையும் (சிரை) சேர்த்துத் தைத்து விடுவார்கள். நாளம் பருத்துத் தடிக்க நாலு மாதம் ஆகும். அதற்காகத்தான் முன்கூட்டியே சொல்கிறார்கள்.

மாசி 12

நேற்று நாலு மாதம் என்று எழுதியது பிழை. என்னுடையது நாலு மாதம் எடுத்தது, அதை எல்லாருக்கும் சட்டமாக்கிவிட்டேன். பொதுவாக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம். என்னுடையது இழுத்ததற்குக் காரணம், அதற்கு முன்பு வார்ட்டில் படுத்திருந்தபோது இடது முன்கை முழுக்கச் சேலைன் ஊசி குத்தி நாளங்களைக் கெடுத்து வைத்திருந்தார்கள். ஆகவே இன்றிலிருந்தே அப்பாவின் ஒரு கையைக் காப்பாற்றுங்கள். வலது கைக்காரர் என்றால் இடது கை. இரத்தம் எடுக்க வந்தால் மற்றக் கை, இல்லாவிட்டால் புறங்கை. இதைச் சொன்னால் மிஸ்மார் (தாதிமார்) கோபிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். நோயாளி சொன்னால்தான் ஞாபகம் வரும்.

மாசி 17, மெசினில் இருந்தபடி

இடது கை கட்டிப்போட்டிருக்கிறது, வலது பெருவிரலால் தட்டுகிறேன். எழுத்துப் பிழைக்குப் பொறுப்பில்லை.

எனக்குச் செவ்வாயும் வெள்ளியும். நாலு நாலு மணித்தியாலம். புத்தகப்படி கிழமைக்கு மூன்று தரம்தான் வழக்கம். எங்களுக்கு இருக்கிற மெசினுக்கும் ஆட்களுக்கும் இரண்டுதான் கிடைக்கிறது. அதனால்தான் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் எங்களுக்குக் கட்டுப்பாடு கூட.

“இரத்தம் மாத்துறது” என்று ஊரில் சொல்வார்கள். மாற்றுவதெல்லாம் இல்லை. என்னுடைய இரத்தம்தான் போய், என்னுடைய இரத்தம்தான் வருகிறது. ஒரு ஊசியால் வெளியே வந்து, பம்பு உருளையில் நசிந்து நசிந்து ஓடி, ஒரு முழம்கூட இல்லாத கண்ணாடிக் குழல் மாதிரி ஒன்றுக்குள் போகிறது. அதற்குள் தலைமயிர் தடிப்பில் ஆயிரக்கணக்கான பொள்ளல் நார்கள். நாருக்கு உள்ளே இரத்தம், வெளியே சுத்தமான உப்புக் கரைசல். கழிவும் மிச்சத் தண்ணீரும் நாரின் சுவரால் வடிந்து போகும். திரும்பி வரும் குழாய் இப்போது என் மணிக்கட்டில் முட்டிக்கொண்டிருக்கிறது, இளஞ்சூடாக.

பம்புக்காரன் அல்லவா, முதல் மாதமே கணக்குப் பார்த்தேன். அந்தக் கரைசல் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் ஓடுகிறது. நாலு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கத் தடை. மெசின்காரர் ஒரே இருப்பில் 120 லீற்றரையும் குடிக்கிறார்.

மிஸ் வருகிறார். பிறகு.

மாசி 18

மெசினைப் பற்றிப் பேச்செடுத்ததால் ஒரு கிளைக்கதை. நடைமுறையில் பயன்பட்ட முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தவர் வில்லெம் கோல்ஃப் என்கிற டச்சு டொக்டர். 1943, கம்பென் என்கிற சின்ன ஊர், நாடு ஜேர்மன்காரன் பிடியில். சாமான் ஒன்றும் இல்லை. சொசேஜ் சுற்றுகிற செலோபேன் தோலை எடுத்து மரச்சட்டப் பீப்பாயில் சுற்றி, எனாமல் தொட்டிக்குள் உப்புத் தண்ணீர் விட்டு உருட்டினார். சுழல்கிற பீப்பாய்க்குள் இரத்தத்தை ஒழுகாமல் விடுவதற்கு, போர்ட் காரின் தண்ணீர்ப் பம்பில் இருந்த இணைப்பைப் பார்த்துத்தான் வழி கண்டார். தண்ணீர்ப் பம்பு! இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. முதல் இரண்டு வருடத்தில் அவர் ஏற்றியவர்கள் அநேகமாக எல்லாரும் செத்தார்கள். மாமா அந்த ஊரில் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் சொல்வது சரியாகத்தான் இருந்திருக்கும். 1945இல் மயங்கிக் கிடந்த 67 வயது அம்மா ஒருவர் எழும்பினார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனத்துக்கு இந்த மனிதரை விளங்கும்.

மாசி 26

பிள்ளை, உங்கள் சென்னைச் சித்தப்பா 340 என்றதும் தலையில் கைவைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு அங்கே 1.2க்கு மேல் போனாலே கூட. இது அளவுகோல் குழப்பம். இங்கே மைக்ரோமோல் கணக்கில் எழுதுகிறார்கள், அங்கே மில்லிகிராம். 340ஐ 88.4ஆல் பிரியுங்கள், 3.8 வரும். அதுவும் நல்ல எண் இல்லைதான், ஆனால் 340 மடங்கு கெட்ட எண்ணும் இல்லை.

கிரியாட்டினினைவிட ஈ.ஜி.எப்.ஆரைப் பாருங்கள். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாட்பட்ட நோய். 30க்குக் கீழே நாலாம் கட்டம், 15க்குக் கீழே ஐந்தாம் கட்டம். அப்பா நாலில் நிற்கிறார். 15க்குக் கீழே போனவுடன் மெசின் என்பதும் இல்லை. சாப்பாடு இறங்காமை, மூச்சு, வீக்கம், கட்டுப்படாத பொட்டாசியம், இவற்றைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள், பலருக்கு அது 10க்கும் கீழேதான். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணை மட்டும் பார்த்து முந்தித் தொடங்கியவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. ஆகவே அவசரம் பிஸ்டுலாவுக்குத்தான், மெசினுக்கு இல்லை.

பங்குனி 9

இன்று உலக சிறுநீரக தினம், பங்குனி (மார்ச்) மாதத்து இரண்டாவது வியாழன். வீதியில் பதாகை கட்டியிருந்தார்கள். கீழே நின்று ஒருவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

பங்குனி 10

நாட்டு மருந்து பற்றித் தனியாகக் கேட்டவருக்கு நேற்று நான் எழுதிய பதிலை அழித்துவிட்டேன். கடுமையாக எழுதிவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால் நானும் குடித்தேன். கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு வந்த கிழமை, மனிசி அழுதுகொண்டு கொண்டுவந்து தந்தாள், எப்படி மறுப்பது. மூன்று நாள். நாலாம் நாள் பொட்டாசியம் ஏறிவிட்டது. என்ன இலை என்று டொக்டர் கேட்டார். எனக்குத் தெரியாது, கொடுத்தவரும் சொல்லவில்லை. பெயர் தெரியாத கஷாயம் கிட்னிக்காரனுக்கு ஆகாது. சில மூலிகைகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, நல்ல கிட்னியையே கெடுக்கும். பரியாரிமாரில் தெரிந்தவர்கள் “இது எனக்கு ஏலாது, பெரியாஸ்பத்திரிக்குப் போ” என்று அனுப்புவார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும்.

ஆனால் கஷாயத்தைத் திட்டுகிற நான் எதால் விழுந்தேன்? போர் முடிய எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்ததிலிருந்து முதுகில் ஒரு சன்னத் துண்டு. குனிந்து வேலை செய்தால் குத்தும். டைக்ளோபெனாக் என்கிற நோவு மாத்திரையைக் கச்சான் மாதிரி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுத் திரிந்தேன், எட்டு ஒன்பது வருடம். பிறஷர் இருந்ததும் தெரியாது. எது எவ்வளவு கெடுத்தது என்று இனிப் பிரிக்க முடியாது. உடம்பு உளைவுக்கு அப்பா என்ன போடுகிறார் என்று பாருங்கள். பனடோல் அளவோடு போடலாம். இந்த நோவு மாத்திரைகள் வேண்டாம்.

இன்னொன்று, லோசார்ட்டன் என்கிற பிறஷர் மாத்திரை. அப்பாவுக்கு அதைத் தந்த பிறகு கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினது, நிறுத்தட்டா என்று கேட்கிறீர்கள். தொடக்கத்தில் 30 வீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான், அந்த மருந்து நீண்ட காலத்தில் கிட்னியைக் காக்கும். பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்த்து டொக்டர் முடிவெடுப்பார். நாங்களாக நிறுத்துகிற வேலை வேண்டாம். 2019இல் நானாக நிறுத்தின மருந்தும் அதுதான்.

சித்திரை 15

வருடப்பிறப்புக்கு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டிருந்தார்கள். பொங்கல் இரண்டு கரண்டி. வாழைப்பழத்தைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது.

பெரிய பட்டியல் எழுத மாட்டேன். ஒவ்வொருவருக்கும் இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், உங்கள் அப்பாவுக்கு இப்போது என் அளவு கட்டுப்பாடு தேவைப்படாமலும் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் நல்லது என்று நினைத்துக் கொடுப்பவைதான் ஆபத்து: இளநீர், முருங்கையிலை வறை, பலாப்பழம், தோடம்பழச் சாறு. வருத்தக்காரனைப் பார்க்க வருகிறவர்கள் செவ்விளநீர்க் குலையோடுதான் வருவார்கள். வாசலில் வைத்து நன்றி சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவேன். ஒடியல் கூழ் நினைத்தாலே வாயூறும். நண்டு, இறால், மரவள்ளி, பலாக்கொட்டை, கீரை, எல்லாத் தடையும் ஒரே சட்டியில். போன மழைக்கு ஒரு அகப்பை குடித்தேன், மறைக்கவில்லை, அடுத்த நாள் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன்.

கிழங்கு, மரக்கறியைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். சுவையும் குறையும். உப்புக்குப் பதிலாக என்று கடையில் விற்கிற உப்பை வாங்காதீர்கள், அது பொட்டாசியம் குளோரைட்.

விளையாட்டே இல்லாதது ஒன்று: நட்சத்திரப் பழம். ஐந்து மூலையாக இருக்கும், ஸ்டார் புரூட் என்பார்கள். கிட்னி பழுதானவருக்கு ஒரு பழம்கூட மூளையைத் தாக்கும். விக்கல் நிற்காமல் தொடங்கி வலிப்பு, மயக்கம் வரை போகும். பிலிம்பிக்காய்ச் சாறும் ஆகாது.

தண்ணீர் அளக்க அம்மாவின் மூக்குப்பேணியை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டால், போகிற சலத்தின் (சிறுநீரின்) அளவோடு 500 மில்லிலீற்றர் கூட்டுவதுதான் பொதுக் கணக்கு. எனக்குச் சலம் இன்னும் கொஞ்சம் போகிறது, அதனால் நாலு பேணி. சோற்றில், சொதியில் இருப்பதும் தண்ணீர்தான் என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

சித்திரை 30

பெரிய திருத்தம். இதற்கு முன் ஒருவர் வயிற்றால் செய்யும் டயாலிசிஸ் பற்றிக் கேட்டபோது “எங்கட மண் வீட்டுக்கும் புழுதிக்கும் அது சரிவராது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். நான் அதைக் கண்ணால் பார்த்தது இல்லை. இன்று பார்த்தேன்.

நெடுங்கேணிக்கு அங்கால் ஒரு குழாய்க்கிணறு வேலை. அந்த வீட்டு அக்கா அதைத்தான் செய்கிறார், இரண்டு வருடமாக. பெயர் வேண்டாம் என்றார். தகரக் கூரைதான், ஆனால் ஒரு மூலையைப் பலகையால் அடைத்து, தரைக்குச் சீமெந்து போட்டு, சுவருக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறார். அதற்குள் ஒரு மேசை, ஒரு கதிரை, கூரைத் தடியில் ஒரு கொக்கி. பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். காற்றாடியை நிறுத்தினார். மாஸ்க். கையை முழங்கை வரை தேய்த்த நேரத்தில் நான் ஒரு புட்வால்வு (பம்புக் குழாயின் அடி வால்வு) மாற்றியிருப்பேன். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் நிரந்தரமாக இருக்கிறது. உள்ளே கிடந்த தண்ணீரை முதலில் கீழே உள்ள பைக்கு வடியவிட்டார், பிறகு கொக்கியில் தொங்கிய இரண்டு லீற்றர் பையை உள்ளே விட்டார். எல்லாம் அரை மணித்தியாலம். அந்தத் தண்ணீர் உள்ளே கிடந்து கழிவை இழுக்கும். இனி நாலைந்து மணித்தியாலம் அவர் பாட்டுக்குக் கோழிக்குத் தீன் போடலாம், சமைக்கலாம். ஒரு நாளைக்கு நாலு தரம். ஊசி இல்லை, பஸ் இல்லை.

வடிந்த பையை என்ன செய்தார் தெரியுமா? சுவரில் தொங்கிய கலண்டருக்கு முன்னால் பிடித்தார். பைக்கு ஊடாகத் தேதி எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. கலங்கித் தெரிந்தால் வயிற்றுக்குள் கிருமி, அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு வருடத்தில் ஒரு தரம் கலங்கியிருக்கிறது.

கஷ்டமும் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு 120 பை, 240 லீற்றர், அறையில் கூரை வரை பெட்டிகள். வடிகிற தண்ணீரோடு புரதம் போகும், ஆகவே முட்டை, மீன் கூடுதலாக வேண்டும். கரைசலில் குளுக்கோஸ் இருப்பதால் சீனிக்காரர் கவனமாக இருக்க வேண்டும், உங்கள் அப்பாவுக்கு அதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். விடுமுறை நாள் என்று ஒன்றும் இல்லை. ஆனால் பொட்டாசியம் தொல்லை என்னளவு இல்லை. அக்கா வாழைப்பழம் சாப்பிட்டார், என் கண் முன்னாலேயே.

வரும் வழியில் யோசித்துக்கொண்டு வந்தேன். 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்றும் கிடைக்காமல் ஒரு செவ்வாய் தவறிவிட்டது எனக்கு. வெள்ளிக்கிழமை போனபோது நாலரைக் கிலோ தண்ணீர் ஏறியிருந்தது, கால் அமத்தினால் குழி விழுந்து நின்றது. இழுத்து எடுக்கையில் பிறஷர் விழுந்து, கெண்டைக்கால் பிடித்து, கத்தினேன். அந்த இரண்டு நாளும் அக்கா வீட்டில் பெட்டியை உடைத்துத் தன் வேலையைப் பார்த்திருப்பார். எந்த முறை சிறந்தது என்று டொக்டர்மார் எண்ணில் சொல்வார்கள். வீட்டுக்கும் மெசினுக்கும் நடுவே எத்தனை பஸ், மழைக்கு அந்த வீதி என்னவாகும், வீட்டில் கை கழுவிப் பொறுமையாகச் செய்ய யார் இருக்கிறார்கள், இதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அக்காவின் பொறுமை இல்லை. கிரீஸ் போகாத நகம் வேறு. நான் மெசினிலேயே இருக்கிறேன்.

வைகாசி 28

கிட்னி மாற்றுவது பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுத விருப்பம் இல்லாமல்தான்.

பொருந்தினவருக்கு அதுதான் மேல். கூட நாள் வாழலாம், சாப்பிடலாம், பயணம் போகலாம். பழைய இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கம் வைக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவர் தந்தது சராசரி 15, 20 வருடம் ஓடும். வாழ்நாள் முழுக்க மருந்து, ஒரு வேளை தவறக் கூடாது, கிருமிக்குப் பயந்து நடக்க வேண்டும். எங்களுக்குக் கண்டி, இல்லாவிட்டால் கொழும்பு மாளிகாவத்தை என்று ஓட வேண்டும். மெசினில் ஏறுமுன்பே செய்துகொள்ளவும் முடியும், அப்பாவின் கிளினிக்கில் இப்போதே கேட்டு வையுங்கள்.

என் அக்கா தருகிறேன் என்றா. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். இரத்தப் பிரிவு பொருந்தியது. நான் இரவில் புட்டும் மாம்பழமும் சாப்பிடுகிற மாதிரிக் கனவு கண்டேன். அடுத்த கிழமை சோதனையில் அவவுக்குச் சீனி, அவவுக்கே தெரியாத சீனி. டொக்டர் கொப்பியை மூடிவிட்டு, “தந்தால் நாளைக்கு உங்களுக்கும் ஒரு கதிரை இங்க போட வேணும் அம்மா” என்றார். அக்கா பஸ்ஸில் முறிகண்டி வரை அழுதுகொண்டு வந்தா, தன் சீனிக்கு இல்லை. எனக்குள் ஏமாற்றமும் நிம்மதியும் சரிபாதி. இன்றுவரை எது கூட என்று சொல்லத் தெரியவில்லை.

கனடாவில் தம்பி இருக்கிறான். அவனிடம் கேட்கவில்லை. அதை இங்கே யாரும் கேட்க வேண்டாம்.

ஆனி 7

வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் போய் வந்தேன். அம்மனுக்குக் கடல் உப்புத் தண்ணீரிலேயே விளக்கெரியும் என்பார்கள். எனக்கு ஒரு கருவாட்டுத் துண்டு ஆகாது.

ஆடி 3

உங்கள் ஊர்க்காரர் ஒருவர், “இந்த அண்ணை எல்லாரையும் மெசினுக்குத் தள்ளப் பார்க்கிறார்” என்று எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி இருந்தா. 82 வயது, இருதயமும் பலவீனம். மெசின் வேண்டாம் என்று தானே சொன்னா, பிள்ளைகள் எல்லாரையும் இருத்தி வைத்து. டொக்டர் கோபிக்கவில்லை. அது கைவிடுவது இல்லை, அதுவும் ஒரு வைத்திய முறைதான் என்று விளங்கப்படுத்தினார். சலம் போக மாத்திரை, இரத்தம் ஊற ஊசி, உடம்பு அரிப்புக்கு மருந்து, மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பதினொரு மாதம் இருந்தா. கடைசிக் கிழமை வரை முற்றத்தில் ஓலைப் பெட்டி பின்னினா. எனக்குத் தந்த பெட்டியில்தான் இப்போது மாத்திரை போட்டு வைத்திருக்கிறேன். அந்த வயதில், அந்த உடம்போடு, கிழமைக்கு இரண்டு நாள் வீதியில் அலைந்திருந்தால் கூட எவ்வளவு கிடைத்திருக்கும் என்று தெரியாது.

உங்கள் அப்பாவுக்கு 61. வயலுக்குப் போகிறவர். அவர் வேண்டாம் என்றால் அது அவர் வாயால், எல்லாவற்றையும் கேட்டு விளங்கிய பிறகு வர வேண்டும். மாமாவின் வாயால் வரக் கூடாது.

ஆவணி 20

தண்ணீர்தான் எல்லாத்துக்கும் காரணம் என்று போன கிழமை இங்கே சண்டை. நானும் ஒரு காலம் அப்படித்தான் கதைத்துத் திரிந்தேன். எங்கள் கிணற்றுப் பம்புகளைக் கழற்றினால் உள்ளே வெள்ளைக் கல்லுப் படிந்திருக்கும், கேத்திலும் அப்படித்தான். அதைக் காட்டி, “இது கிட்னிக்குள்ள போய் என்ன செய்யும் எண்டு யோசி” என்பேன். பார்க்க அழகான வாதம். ஆனால் கேத்திலில் படிகிற மாதிரிக் கிட்னியில் படிவதில்லை.

காரணம் தெரியாத கிட்னி வருத்தம் என்று தொண்ணூறுகளில் பதவியா, மதவாச்சிப் பக்கம் வயல்காரரிடையே கண்டுபிடித்தார்கள். எங்களுக்கு எல்லைதான், வவுனியாவிலும் இருக்கிறது. கல்லுத்தண்ணீர், புளோரைட்டு, கிருமிநாசினி, வெயிலில் நீரிழந்து வேலை செய்வது என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள். ஒன்றுதான் என்று இன்னும் முடிவாகவில்லை. வடிகட்டிய தண்ணீர் குடிப்பதில் நட்டமில்லை, பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆனால் என்னோடு ஏற்றுகிறவர்களைச் சுற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் சீனியும் பிறஷரும். தண்ணீரைத் திட்டிக்கொண்டு பிறஷர் பார்க்காமல் இருந்தவன் நான்.

ஐப்பசி 22

விதைப்புத் தொடங்கிவிட்டது. வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலைத் தடுக்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தருகிற டொக்சிசைக்கிளின் மாத்திரையைக் கோழிக்குப் போடாமல் நீங்கள் போடுங்கள். எலிக்காய்ச்சல் கிட்னியை நிறுத்தும். கண்ணாடி விரியன் கடியும் அப்படித்தான்.

இது மாமாவின் கதைக்கும் பதில். போன வருடம் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பொடியன், விரியன் கடி, சலமே இல்லை. மூன்று கிழமை ஏற்றினார்கள். பிறகு சலம் போகத் தொடங்கியது, குழாயைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஓட்டுகிறான். திடீரென்று நின்ற கிட்னி பலருக்குத் திரும்பி வரும், எங்களைப் போல மெல்ல மெல்லச் சுருங்கினது வராது. இரண்டுக்கும் ஒரே மெசின் என்பதால் சனம் குழம்புகிறது. “ஒருத்தரும் தப்பி வரேல்லை” என்றாரே, அந்தப் பொடியனின் விலாசம் வேண்டுமென்றால் அவனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கார்த்திகை 18

உங்கள் செய்தி பார்த்தேன் பிள்ளை. ஆவணியில் போட்ட பிஸ்டுலா பிடித்துவிட்டது, ஈ.ஜி.எப்.ஆர் 14, இன்னும் மெசின் இல்லை, அப்பா வயலில்தான் என்று. மாசியில் அடம்பிடித்தவர் ஆவணியில் எப்படிச் சம்மதித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

கையில் ஏதோ அதிர்கிறது என்று பயப்படுகிறாராம். பயம் வேண்டாம். லான்ட்மாஸ்டரை மெல்ல ஓடவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தால் வருமே, அந்த அதிர்வு. அது இருந்தால்தான் வழி திறந்திருக்கிறது. காலையும் இரவும் மற்றக் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஓட வேண்டும். அந்தக் கையில் பிறஷர் பட்டி, ஊசி, மணிக்கூடு, நெல்மூட்டை எதுவும் வேண்டாம். அந்தப் பக்கம் சரிந்து படுக்கவும் கூடாது. ஹெப்பற்றைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று கொப்பியில் பாருங்கள்.

கார்த்திகை 19

கிணற்றுப் பம்பு தண்ணீர் பிடிக்குதில்லை, அண்ணையைக் கேள் என்று அப்பா சொன்னாராம். புட்வால்வாக இருக்கும். வெள்ளி எனக்கு மெசின், சனி காலை உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பத்து மணிக்குப் பிறகு வருகிறேன். கூலி வேண்டாம். தேத்தண்ணி வைத்தால் அரைப் பேணி, அதற்கு மேல் ஊற்ற வேண்டாம்.